நான்கு முளைகள்

கூமாப்பட்டியிலிருந்து வரும் காலை பஸ்ஸில் இன்று எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் நின்றவர், "ஒங்களுக்கு ராசிதான் மாஸ்டர்" என்றார். ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. இருபது நிமிஷம் முன்னாலேயே போய், பஸ் படிக்கட்டு எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று பார்த்து அங்கே நின்றேன். அதனால் கிடைத்தது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போய்த்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் உங்களைத் தேடி வந்திருக்கிறேன். ஊரில் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். துக்கத்தில் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்றார்கள்.

என் பெயர் தங்கப்பாண்டியன். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தேன். வந்த கையோடு ஊர்ப் பையன்களைச் சேர்த்து கால்பந்து டீம் ஆரம்பித்தேன். ஆயிற்று, பதினெட்டு வருஷம். எங்களுக்கு மைதானம் என்றால் கண்மாய்தான். ஐப்பசியில் தண்ணீர் வந்துவிட்டால் சீசன் முடிந்தது, வற்றினால்தான் மறுபடி ஆரம்பம். அதனால் கோல் போஸ்டை நிரந்தரமாக ஊன்ற முடியாது. இரும்புக் குழாயை வெல்டிங் வைத்துச் செய்த போஸ்ட். ஆறு பேர் தூக்கி வந்து வைப்போம். பின்பக்கம் தரையில் கிடக்கும் குழாயை நான்கு இரும்பு முளை அடித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் சாய்ந்துவிடும். அந்த நான்கு முளைகளையும் நான்தான் அடிப்பேன். வேறு எவனையும் தொட விட்டதில்லை.

இந்த நோட்டைப் பாருங்கள். ஒரு கோல் வித்தியாசத்தில் முடிந்த மேட்சுகளை மட்டும் இதில் எழுதி வைத்திருக்கிறேன். நாலு கோலில் ஜெயிப்பதை எவனும் ஜெயிப்பான். ஒரு கோலில்தான் பயிற்சி எது என்று தெரியும். மூன்று வருஷத்தில் இருபத்தோரு மேட்ச், பதினான்கில் ஜெயித்தோம். முந்தைய நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதியிருக்கிறேன். கார்னர் பயிற்சி. கடைசிப் பத்து நிமிஷத்துக்கான ஓட்டப் பயிற்சி. தோற்ற ஏழில் எங்கள் தவறு எதுவும் இல்லை. மகாராஜபுரத்தில் நடுவர் எதிர் டீம் கேப்டனுக்கு மச்சான் முறை. வ. புதுப்பட்டியில் எதிர்வெயில். ஒரு மேட்சில் ஆடு குறுக்கே வந்தது. அதெல்லாம் துரதிர்ஷ்டம். ஜெயித்ததெல்லாம் உழைப்பு. இதில் குழம்ப என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

ஊருக்கு மட்டும் குழப்பம். ஏனென்றால் அதே மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் ராம்கி டீமுக்கு வந்தான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. இருபத்து நான்கு வயசு, ஆறடிக்கு மேல் உயரம். தடுப்பாட்டத்தில் இடது பக்கம் நிற்பான். ஆட்டம் சுமாருக்கும் கீழே. அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து வீடு போய்ச் சேர்ந்துவிடும். முதல் மேட்சன்று ஏதோ விளையாட்டாக எம்பிக் குதித்து, எங்கள் கோலின் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கி, மூன்று தடவை ஊசலாடினான். அன்று ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். அவ்வளவுதான், அடுத்த மேட்சுக்கும் தொங்கச் சொன்னார்கள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவன் தொங்கும்போது மற்ற பத்துப் பேரும் வரிசையாக நின்று ஒண்ணு, ரெண்டு, மூணு என்று கத்துவார்கள். அவன் இறங்கியதும் அவனுடைய உள்ளங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கேப்டன் விஜயபாண்டி என் சொந்த அக்கா மகன். அவனும் அந்த வரிசையில் நிற்பான். பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்த நான் ஓரத்தில் தண்ணீர்க் குடத்தோடு நிற்பேன்.

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போட்டியில் கோப்பை வாங்கினோம். ஊரில் பிளக்ஸ் வைத்தார்கள். நடுவில் ராம்கி, இரண்டு ஆள் உயரத்துக்கு, கீழே 'கைராசி நாயகன்' என்று. என் படம் மூலையில், தபால்தலை அளவில். அதிலும் பாதி முகத்தின் மேல் பிளக்ஸ் அடித்த கடையின் போன் நம்பர். எனக்கு வயிறு எரிந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ராம்கி மேல் எனக்குக் கோபமே கிடையாது. அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நல்ல பையன். அந்த பிளக்ஸுக்குக் கீழேயே என் காலைத் தொட்டான். "எனக்கு என்ன மாஸ்டர் தெரியும், தொங்குறேன், அம்புட்டுதான். எல்லாம் ஒங்க ட்ரெய்னிங்" என்றான். மைக் பக்கத்திலேயே இருந்தது. மைக்கில் சொல்லியிருக்கலாம்.

முதலில் முறைப்படிதான் முயன்றேன். பையன்களை உட்கார வைத்து இந்த நோட்டை முழுசாக வாசித்துக் காட்டினேன். "நோட்டா மாமா கோல் போட்டுச்சு?" என்றான் விஜயபாண்டி. மகாராஜபுரத்து மேட்சில் ராம்கியை வெளியே உட்கார வைத்தேன். அன்றுதான் அந்த நடுவர் விவகாரம், ஒரு கோலில் தோற்றோம். "இனி அவன் எறங்காட்டா நாங்களும் எறங்கல மாமா" என்று சொல்லிவிட்டார்கள். திருப்பூரில் தெரிந்த கம்பெனியில் அவனுக்கு வேலைகூடப் பேசி வைத்தேன். ஒரே பிள்ளை, கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்று அவன் அம்மா முனீஸ்வரி விடவில்லை. நான் கேட்டது பெரிசாக ஒன்றுமில்லை. அவன் இல்லாமல் ஒரே ஒரு மேட்ச் ஒரு கோலில் ஜெயித்துக் காட்ட வேண்டும். ஊர் வாய் அடைத்துப் போகும்.

அவன் காலை மட்டும் உடைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதையும் யோசித்தேன். கால் உடைந்தால் நாற்காலியில் தூக்கி வந்து கோலுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள், கையைத் தொட்டுவிட்டு இறங்குவார்கள். அவன் உயிரோடு இருக்கும்வரை அந்த ஒரு மேட்ச் எனக்குக் கிடைக்காது.

வைகாசியில் ராஜபாளையம் டீமோடு அரையிறுதி, எங்கள் கண்மாயில். காலையில் எல்லோர் கண் முன்னாலும் முளைகளை அடித்தேன். பையன்கள் டீ குடிக்கப் போனதும் நான்கையும் அசைத்துப் பிடுங்கி, அதே ஓட்டையில் சும்மா செருகி வைத்தேன். மற்ற பேருக்கு ஆபத்து இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டேன். காற்று இல்லை. கம்பியில் தொங்குகிறவன் அவன் ஒருவன்தான். முதல் தடவை பின்குழாய் எழும்பும், இரண்டாவதில் முளை கழலும், மூன்றாவதில் போஸ்ட் விழும் என்று கணித்திருந்தேன். பட்டாளத்தில் கூடாரம் அடித்தவனுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். ஆனால் பையன்கள் 'ரெண்டு' என்று கத்தி முடிப்பதற்குள் விழுந்துவிட்டது. மேல்கம்பி கழுத்தில். கம்பியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆம்புலன்ஸிலும் நான்தான் கூடப் போனேன். வத்திராயிருப்பைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

முனீஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எம்புள்ளைக்கு நேரம் சரியில்லாமப் போச்சே மாஸ்டர். இல்லாட்டா எத்தன நாளு தொங்குன கம்பி அது" என்றார். பாவம்தான். ஆனாலும் பாருங்கள், பெற்றவள்கூட நேரம் என்றுதான் சொல்கிறாள்.

பதினாறு நாள் கழித்து அந்த அரையிறுதி நடந்தது. அதே போஸ்ட், வெல்டர் பால்ச்சாமி சரிசெய்து கொடுத்திருந்தான். முளைகளை நான் அடித்தேன், இந்த முறை ஒழுங்காக. பையன்கள் அழுதுகொண்டே ஆடினார்கள். ராஜபாளையத்துக்காரர்கள் அடித்த பந்து மூன்று முறை எங்கள் மேல்கம்பியில் பட்டு வெளியே போனது. கடைசியில் அவர்கள் ஆள் ஒருவன் வெளியே தள்ளப் பார்த்த பந்து விஜயபாண்டியின் முதுகில் பட்டு அவர்கள் கோலுக்குள் உருண்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். நான் நோட்டை எடுத்து, காரணம் என்ற இடத்தில் 'சரியான இடத்தில் நிற்கும் பயிற்சி' என்று எழுதத் தொடங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் ஒருவனும் என் பக்கம் இல்லை. எல்லோரும் கோலுக்கு ஓடி அந்தக் கம்பியைத் தொட்டுக் கதறிக்கொண்டிருந்தார்கள். "ஏலே, மூணு தடவையும் ராம்கிதாம்லே கைய நீட்டிப் பிடிச்சிருக்கான்" என்றான் என் அக்கா மகன். இப்போது அந்தக் கம்பிக்கு மாலை போட்டிருக்கிறார்கள். எதிர் டீம்காரர்கள்கூட வந்து தொட்டுக் கும்பிடுகிறார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு ராசி, செத்த பிறகு இன்னொரு ராசி. நான் என்னதான் செய்வது?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பால்ச்சாமி சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. போஸ்டைச் சரிசெய்யும்போது பார்த்தானாம், அடிக்குழாய் வெல்டிங் வைத்த இடத்தில் துருப்பிடித்து அற்றுப் போயிருந்ததாம். "மொளை இறுக்கமா இருந்திருந்தாலும் அன்னைக்கு விழுந்துதான் இருக்கும் மாஸ்டர். ஒங்க மேல தப்பு இல்ல. விதி" என்றான். எனக்கு ஆறுதல் சொல்கிறானாம். உங்கள் காகிதத்திலும் அப்படியே ஏறியிருக்கிறது. விபத்து, காரணம் துரு.

பால்ச்சாமிக்கு என்ன தெரியும்? அந்தப் போஸ்டில் ராம்கி மூன்று வருஷம் தொங்கினான், விழவில்லை. முளைகளை நான் பிடுங்கிய அன்று விழுந்தது. ராம்கியைக் கொன்றது நான், ஐயா. இடம் பார்த்து, காற்றுப் பார்த்து, திட்டம் போட்டுச் செய்தேன். இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். மூன்றாம் தடவையில் விழ வேண்டியது இரண்டாவதிலேயே விழுந்தது பாருங்கள், அதற்கு மட்டும் வேண்டுமானால் துரு என்று போட்டுக்கொள்ளலாம்.