சிரித்துக் காட்டுங்கள்

– இன்னொரு தடவை இருமுங்க மேடம். கூச்சப்படாம, அடிவயித்துலருந்து.

– இருமியாச்சு சிஸ்டர். போதுமா?

– பாருங்க, ஒரு சொட்டுக்கூட இல்ல. விரல் அகலத்துல ஒரு வலைநாடா, மூத்திரக் குழாய்க்கு அடியில ஊஞ்சல் மாதிரி நின்னு தாங்குது. அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லத்தான் பெரிய டாக்டர் காலையில ஒரு பட்டாளத்தையே கூட்டிட்டு வந்து முழங்கினார்.

– அணை கட்டித் திறந்து வைக்க வந்தவர் மாதிரி. மாலை போடாததுதான் பாக்கி.

– அட, மேடத்துக்கு நக்கல்கூட வருமா? சரி, இப்ப சிரிச்சுக் காட்டுங்க. இருமல்ல ஏமாத்திடலாம் பாருங்க, சிரிப்புல ஏமாத்த முடியாது.

– அது வராது.

– சிரிப்பா வராது?

– ஆபீஸ்ல எனக்குக் கருங்கல்னு பேர். தும்மல் வந்தாக்கூட மூக்கைப் பிடிச்சு முழுங்கிடுவேன். என்ன கம்பீரம்னு மெச்சி, புதுசா சேர்றவங்களுக்குச் சுயக்கட்டுப்பாடு பத்திப் பேச என்னைத்தான் மேடையேத்துவாங்க. உள்ள துணியை மடிச்சு வச்சுக்கிட்டு நின்னு பேசுவேன்.

– அட கடவுளே. சாருக்குத் தெரியுமா?

– கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொல்லி வச்சிருக்கேன்.

– கட்டினவர்கிட்ட என்ன மேடம் மறைப்பு?

– முன்னெல்லாம் சாப்பிட உட்கார்ந்தா ஒரே ஜோக்கா அடிப்பார். சிரிச்சா நனைஞ்சிடும். அதனால, இதெல்லாம் ஒரு பேச்சான்னு முறைச்சுட்டுப் பாதியில எழுந்து போயிடுவேன். ஒருநாள் தலையணையைத் தூக்கிக்கிட்டு மாடி ரூமுக்குப் போயிட்டார். ஏன்னு நான் கேட்கல. காரணம்தான் தெரியுமே.

– என்ன காரணம்?

– எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத காரணம். அன்னிலருந்து வீட்டுல கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

– பாவம், அவர் வந்ததுலருந்து கக்கூஸ் வாசல் பெஞ்சுலயே உட்கார்ந்திருக்கார். நாங்களே அந்தப் பக்கம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஓடுவோம். இருங்க, கூப்பிடறேன். சார், கொஞ்சம் உள்ள வாங்க.

– என்னாச்சு சிஸ்டர்? ஏதாவது சிக்கலா?

– ஒண்ணுமில்ல சார். மேடம் ஒரு தடவை சிரிக்கணும். சிரிச்சாத்தான் வீட்டுக்கு அனுப்புவேன்.

– அப்ப நான் இங்கேயே பக்கத்துல ஒரு வாடகை வீடு பார்த்துடறேன்.

– ஏங்க, கழுதைக்குக் கண்ணாடி வாங்கப் போனவன் கதை ஒண்ணு சொல்வீங்களே. அதைச் சொல்லுங்களேன்.

– அதுவா? முடிவு மறந்து போச்சும்மா. ஒரு தடவையாவது முடிக்க விட்டிருக்கியா நீ?

– சிரிச்சா எனக்கு மூத்திரம் கசிஞ்சிடும்ங்க. அதான் எழுந்து போவேன். இந்த ஆபரேஷனும் அதுக்குத்தான்.

– அப்ப, என் பேச்சு பிடிக்காம எழுந்து போகலையா?

– இல்லங்க.

– நான் பக்கத்துல இருக்கிறதே உனக்கு ஆகலைன்னு நினைச்சுல்ல மாடிக்குப் போனேன்.

– எதுக்குங்க இப்ப எனக்காகப் பூசி மெழுகறீங்க? வாடை தாங்காமதானே போனீங்க?

– என்ன வாடை? கேஸ் கசிஞ்சாக்கூடத் தெரியாத மூக்கு எனக்குன்னு, கல்யாணமான புதுசுல சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சவளே நீதானேம்மா.