ஒரே பெயரில் இரண்டு வைரவாள்

பெயர் வைப்பதில் எனக்குக் கைராசி உண்டு, ஐயா. சொந்தத்தில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் பெயர் சொல்வேன். எங்கள் போலீஸ் துறையில்தான் அந்தக் கலைக்கு மரியாதை இல்லை. எங்கு பார்த்தாலும் வேங்கை, எங்கு பார்த்தாலும் புயல். கோழித் திருடனைப் பிடிக்கப் போகிறவர்கூட ‘ஆபரேஷன் வேங்கை’ என்கிறார். வேங்கைக்கு வாய் இருந்தால் மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கும்.

அதனால்தான் கல்வராயன் மலைச் சாராய வேட்டைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டதும், நேராகத் திருநாவலூர் போனேன். அங்கே தெய்வசிகாமணி என்று ஓர் எண்கணித ஜோசியர். பதவி உயர்வு தரும் பெயராகக் கேட்டேன். விரலை மடக்கிப் பார்த்தார்.

“வைரவாள்னு வைங்க. பலன் ஜாஸ்தி. ஆனா ஒருத்தருக்குத்தான் வேலை செய்யும். ரெண்டு பேரு வச்சிக்கினா, மொத்தப் பலனும் முன்னாடி வச்சவருக்கே போய்ச் சேருங்க.”

அடுத்த வாரம் உளவுப் பிரிவு இன்ஸ்பெக்டர் செந்தமிழ்ச்செல்வி என்னைத் தேடி வந்தார். அவரும் மலையில் ஒரு ரகசிய நடவடிக்கை நடத்திக்கொண்டிருந்தார். அதன் பெயரும் வைரவாள். அதே ஜோசியர். அந்த மனிதரிடம் சரக்கு அவ்வளவுதான் போலிருக்கிறது.

“சார், எங்களுது போன மாசமே வச்சதுங்க. ஒரு ஆளோட உசுரே இந்தப் பேர்லதான் இருக்குது. நீங்க மாத்திக்குங்க.”

அந்த ஆள் கண்ணாயிரம் என்று அவரே சொன்னார். வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுகிறவன். சாராயம் காய்ச்சுகிறவர்களுக்கு வெல்லம் எந்த வழியாக ஏறுகிறது என்று செல்விக்குத் துப்புக் கொடுப்பவன். ஆபத்தென்றால் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு ‘வைரவாள்’ என்றால் போதும், படை வரும் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் என் ஆட்களும் அவன் ஜீப்பில் போனதுண்டு. அவன் குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜோசியரைக் கேட்டுச் சொல்வதாகச் செல்வியிடம் சொன்னேன். கேட்கவில்லை. முன்னால் வைத்தவர் அந்த அம்மாள் என்று தெரிந்த பிறகு கேட்க என்ன இருக்கிறது? எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

சில நாள் கழித்து ஒரு மதியம், கரியாலூர் பங்களாவில் கோழிக்குழம்பும் தினைச்சோறும். வாசலில் என் ஆட்கள், வண்டிகள், எல்லாம் சும்மா நின்றன. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஷாலினி கூப்பிட்டாள்.

“சார், வைரவாள்னு ஒருத்தரு லைன்ல இருக்காருங்க. உங்க ஆளா, செல்வி மேடம் ஆளான்னு தெரியல.”

“எனக்கே குடும்மா.”

கண்ணாயிரம்தான். மூச்சு வாங்கியது.

“அய்யா, வைரவாள். வளைவுல நாலு பேரு வண்டிய மறிச்சிக்கினு நிக்கிறாங்க. கையில கத்தி இருக்குது. எறங்கிக் காட்டுக்குள்ள ஓடிடட்டுங்களா?”

அவன் காட்டை அறிந்தவன், ஓடினால் பிழைப்பான். பிழைத்தால் செல்வி அவனைச் சாட்சியாக நிறுத்துவார், அவருடைய வைரவாள் ஜெயித்துவிடும். நான் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தேன். நான் அவசரக்காரன் இல்லை.

“ஓடாதப்பா. கண்ணாடிய ஏத்திக்கினு வண்டியிலேயே உக்காந்திரு. ஆளுங்க வந்துகினு இருக்காங்க.”

“சரிங்கய்யா” என்றான்.

பிறகு ஷாலினியிடம், இது எங்கள் ஒத்திகை, செல்வி மேடத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றேன். ரசம் ஊற்றச் சொன்னேன்.

கத்தி பிடித்தவன் நான் இல்லை என்று உங்களுக்கே தெரியும். உதவி கேட்டு வந்த பெயர் என்னுடையது, அதற்குப் பதில் சொன்னேன். ஒரு பெயருக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருந்தால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும். கண்ணாயிரம் விட்டுக்கொடுத்தான்.

சாயங்காலம் பள்ளத்தில் ஜீப்பைக் கண்டெடுத்தார்கள். கண்ணாடி நொறுங்கியிருந்தும் அவன் இருக்கையை விட்டு எழவே இல்லையாம். சொன்ன சொல்லைத் தட்டாத ஆள். அப்படி ஒருவன் என் படையில் இருந்திருந்தால், ஐயா, நான் எந்த ஜோசியரிடமும் போயிருக்க மாட்டேன்.