மூன்றாம் வாசிப்பு வரை

என் தந்தைக்கு இறைச்சிச் சாறு மிகவும் சூடாக இருந்தால் பிடிக்காது. ஐந்து மாதங்கள் அதை நானே ஊதி ஆற்றிக் கொடுத்தேன். விசாரணை அதிகாரி அவர்களே, மற்றவற்றை எழுதுமுன் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் ஏழாம் ஹார்ன்மியர் பிரபு. நான் அவருடைய ஒரே மகன், லூசியன். பன்னிரண்டு ஆண்டுகள் மக்களவையில் இருந்தேன். தந்தை உயிரோடு இருக்கும்வரை பிரபுவின் வாரிசு அங்கே அமரலாம். தந்தை கண்மூடிய நொடியில் மகன் பிரபுவாகிறான். மக்களவையை விட்டு மேலவைக்கு, முதியவர்கள் உறங்கும் மெத்தை இருக்கைகளுக்குப் போயாக வேண்டும். தந்தையின் சாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகளை லண்டன் நிறையக் கண்டிருக்கிறது. நான் அவருடைய ஆயுளுக்காகக் காத்திருந்தேன்.

என் கையில் ஒரு மசோதா இருந்தது. மனநோய் இல்லங்களில் மனிதரைக் கட்டிலோடு கட்டிவைப்பதைத் தடைசெய்யும் மசோதா. மக்களவையில் அதற்காகப் பேச என்னைத் தவிர வேறு நா இல்லை. மூன்றாம் வாசிப்பும் இறுதி வாக்கெடுப்பும் ஜூன் மாதம் என்று குறித்திருந்தார்கள்.

ஜனவரியில் தந்தை உணவை மறுத்தார்.

"போதும்டா லூசியன். எண்பத்தொரு வருசம் தின்னாச்சு. என்னைப் போக விடு."

"ஜூன் வரைக்கும் பொறுத்துக்குங்கப்பா."

அவர் சிரித்தார். "அப்பன் சாகக் கூடாதுன்னு மண்டியிடற முதல் பிரபு மகன் நீதான்டா. அதுவும் ஓட்டெடுப்புக்காக."

குழாய் வழியாகச் சாறும் பிராந்தியும் புகட்டினேன். அவர் அதைப் பிடுங்கி எறிந்தார். ஆகவே கைகளைக் கட்டிலின் தூண்களோடு கட்டினேன். கயிறு அல்ல, என் பட்டுக் கழுத்துத்துணிகள். நாற்பதாண்டுகள் அவருக்குப் பணிவிடை செய்த ஓபதையா மட்டும் வாய் திறந்தான்.

"விட்டுடுங்க சின்ன எசமான். போற மனுசனை வாசல்ல புடிச்சு நிறுத்தி வெக்கிறீங்க. நாய்க்குக்கூட இப்படிச் செய்ய மாட்டீங்க."

அவனை வடக்கேயுள்ள பண்ணைக்கு அனுப்பினேன். அதன்பின் சமையற்காரி தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவாள். அந்தப் பெரிய வீட்டின் மேல்மாடியில் நாங்கள் இருவர் மட்டுமே. நண்பர்கள் வரவில்லை, நான் அழைக்கவுமில்லை. என் உரைகளை அவர் முன்னால் நின்று பேசிப் பழகினேன். "கட்டுண்ட கையால் கடவுளைக்கூடத் தொழ முடியாது" என்ற வரி அந்த அறையில்தான் பிறந்தது. என் வாழ்வில் ஒரு பேச்சையும் பாதியில் விட்டு எழுந்து போகாதவர் அவர் ஒருவரே.

மே மாதத்தில் ஒரு மாற்றம் வந்தது. குழாய் தேவைப்படவில்லை. அவரே வாய் திறந்தார்.

"இன்னைக்குச் சாறு நல்லாருக்குடா. இன்னும் கொஞ்சம் குடு. பேரி மரம் பூத்துடுச்சா?"

பூத்திருந்தது. சொன்னேன். கட்டுகளைத் தளர்த்தினேன், அவிழ்க்கவில்லை.

ஜூனில் மசோதா பதினோரு வாக்குகள் வித்தியாசத்தில் நிறைவேறியது. அவை எழுந்து ஆர்ப்பரித்தது. நான் தனியே நடந்து வீடு திரும்பினேன். இனி அது மேலவைக்குப் போக வேண்டும். அங்கே எதிர்க்க நாற்பது வாய்கள் இருந்தன. ஆதரிக்க ஒன்றும் இல்லை. ஹார்ன்மியர் பிரபுவின் இருக்கை மட்டும் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தது.

கட்டுகளை அன்று மாலையே அவிழ்த்தேன். இனித் தட்டு வேண்டாம் என்று சமையற்காரியிடம் சொன்னேன். அறையைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

அந்தக் காலி இருக்கையில் நான் அமர்ந்த ஆறு வாரங்களில் மேலவையும் மசோதாவை ஏற்றது. இன்று இந்நாட்டில் எந்த நோயாளியும் கட்டுண்டு கிடக்கவில்லை.

ஜனவரியில் அவர் கேட்டதை ஜூனில் கொடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். நான்காம் நாள் உள்ளே போனபோது, விடுபட்ட கையால் என் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டார். பேச்சு வரவில்லை, உதடுகள் மட்டும் சாறு உறிஞ்சுவதுபோல் அசைந்தன. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அவர் நன்றி சொன்னார் என்றே இன்றும் கொள்கிறேன்.