கடல்நாய் பார்க்கப் போன சனிக்கிழமை

கடல்நாய் பார்க்கப் போகிறவர்கள் மாற்றுக் காலுறை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை. பார்வைக்கு மணல் காய்ந்த மாதிரிதான் இருக்கும். கால் வைத்தால் சொதசொதவென்று தண்ணீர். நான் எங்கள் இருவருக்கும் எடுத்து வைத்திருந்தேன். அவருடையது இன்னும் பையில்தான் இருக்கிறது, மடிப்புக் கலையாமல்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஒருவர் சொன்னதை விட்டுப்போகாமல் இன்னொருவருக்குச் சொல்வதுதான் என் பிழைப்பே. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நான் மொழிபெயர்ப்பாளர். டாக்டர் சொல்வதை நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்வேன், நம் ஆட்கள் சொல்வதை டாக்டருக்கு இந்த ஊர் மொழியில் சொல்வேன். "வயித்துக்குள்ள என்னமோ கடமுடாங்குது" என்பதை ஒரு டாக்டருக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பாருங்கள், என் அருமை தெரியும்.

வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான். என் கணவர் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வண்டி ஓட்டினார். கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம் நம் ஆட்கள் என்பதால் இந்த ஊர் மொழி அவருக்கு ஒட்டவே இல்லை. முடி வெட்டப் போனால்கூட நாற்காலியில் உட்கார்ந்தபடி எனக்குப் போன் போடுவார். நான் ஸ்பீக்கரில், காதுக்கு மேலே கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று முடிவெட்டுபவருக்குச் சொல்வேன். எனக்கு 'மந்திரி' என்று பெயர் வைத்திருந்தார். கடைகளில் யாராவது ஏதாவது கேட்டால், "எதுவா இருந்தாலும் என் மந்திரிகிட்ட பேசிக்குங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு என் பக்கம் கை காட்டுவார். கடைக்காரர்களுக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் சிரிப்பார்கள். நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் நான் ஒரு சொல்லைக்கூட விட்டதில்லை. வீடு வேறு. வீட்டில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஒரு பக்குவம் வேண்டும். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் குடிவந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்க வருகிறாரா என்று இவரைக் கேட்டார். "வண்டிய அவர் வாசல்ல நிறுத்தக் கூடாதாம்" என்று இவரிடம் சொன்னேன். இவருக்குச் சட்டென்று சளி பிடித்துவிடும். இன்னொரு முறை கிடங்கு மேலாளர் போனில் அழைத்து, மேற்பார்வையாளர் வேலை தருகிறேன், மொழியை நாங்களே கற்றுத் தருகிறோம் என்றார். இவர் கூச்ச சுபாவக்காரர், பாவம், திண்டாடிப் போவார். நன்றி சொல்லி, வேண்டாம் என்றுவிட்டேன்.

"என்னவாம்?" என்றார் இவர்.

"சும்மா, எப்படி இருக்கீங்கன்னு விசாரிச்சாரு."

"நல்ல மனுசன்" என்றார்.

வினை அந்த மீன்பிடி விஷயத்தில்தான் வந்தது. வண்டி நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இவருக்குள் ரொம்ப நாளாக ஓர் உறுத்தல். கிடங்கில் யாரிடமோ நாலு சொல் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு, நான் வேலைக்குப் போன நேரத்தில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அந்த டிரைவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கையால், காலால், போனில் படம் காட்டிப் பேசியே இருவரும் சிநேகமாகிவிட்டார்கள். அன்று மாலை இவருக்கு வாயெல்லாம் பல்.

"நீ அன்னிக்கு தப்பா கேட்டிருக்க, மந்திரி. அவர் மீன் பிடிக்கத்தான் கூப்பிட்டிருக்காரு. உனக்கே காது கேக்கலன்னா ஆஸ்பத்திரி என்னத்துக்கு ஆகும்?"

துளி சந்தேகம் இல்லை அவருக்கு. அப்படிப்பட்ட மனிதர்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மீன், கூடவே மொழி. ஒரு நாள் முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றார். எனக்குப் போன் வரவில்லை. மகா கேவலமாக வெட்டியிருந்தார்கள். இவரோ கண்ணாடி முன்னால் நின்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எதையும் பெரிதுபடுத்தும் பழக்கம் கிடையாது.

கடல்நாய் யோசனையும் அவருடையதுதான். "சனிக்கிழமை கிளம்புறோம். நானே பேசி ரூம் போட்டுட்டேன். நீ ஜாலியா வா, போதும்" என்றார். கடற்கரை ஓரம், மாடியில் ஒரு நல்ல அறை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். கட்டில் மட்டும் இரண்டு தனித்தனியாகக் கிடந்தது. "ஒரு வார்த்தை மாறிப்போச்சு போல" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டையும் இழுத்து ஒட்டிப் போட்டோம்.

அந்த இடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடல் உள்வாங்கும்போது கண்ணுக்கு எட்டிய வரை ஈர மணல். நடுவே ஒரு திட்டில் கடல்நாய்கள் குட்டிகளோடு மல்லாந்து கிடக்கும், கல்யாணச் சாப்பாடு முடித்தவர்களைப் போல. வனத்துறைப் பெண் ஒருவர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு விளக்கம் சொன்னார். இவர் அவரிடம் நேராகவே, இந்த ஊர் மொழியில், "அந்தக் குண்டு கடல்நாய், எங்க மேலாளர் மாதிரியே இருக்கு" என்றார். அந்தப் பெண் சிரித்தார். பக்கத்தில் பெரிய காமிராவோடு நின்ற ஒருவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இலக்கணம் தப்பு.

கிளம்பும்போது அந்தப் பெண் வேகமாகச் சில விஷயங்கள் சொன்னார். வழிக்கு நட்டிருக்கும் கம்பங்களை ஒட்டியே நடங்கள், வலது பக்கம் புதைசேறு, ஓடையில் தண்ணீர் ஏறினால் உடனே திரும்புங்கள், கடல் பின்பக்கமாக வந்து சூழ்ந்துவிடும். தெளிவாகத்தான் சொன்னார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவர் வேலைக்குச் சிக்கல் வரக் கூடாது.

அவர் தன் குடிலுக்குப் போனதும் இவர் என் பக்கம் திரும்பினார். "மந்திரி, கடைசில மளமளன்னு என்னமோ சொன்னாங்களே? சேறுன்னு ஒண்ணு காதுல விழுந்துச்சு."

"வலது பக்கமா போனா குட்டிங்கள ரொம்பக் கிட்ட பாக்கலாமாம். கொஞ்சம் சேறா இருக்குமாம், ஒண்ணும் ஆகாதாம்."

"நீ வரல?"

"எனக்குக் குளிருது. நீங்க நிதானமா பாத்துட்டு வாங்க."

என் திட்டம் சின்னது. முழங்கால் வரை மாட்டிக்கொள்வார், என்னைக் கூப்பிடுவார். நான் குடிலுக்கு ஓடிப்போய், என்ன ஏது என்று சரியான வார்த்தையில் சொல்வேன். ஆட்கள் பலகை போட்டு இழுத்துவிடுவார்கள். சாயங்காலம் சூடாகத் தேநீர் குடித்துக்கொண்டே, நீ இல்லாட்டி என் கதி என்ன என்பார். ஒரு குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு?

நான் பார்வை மேடையில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தேன். அருமையான வெயில். இவர் வலது பக்கம் போனார், நின்றார், குனிந்தார். பிறகு இரண்டு கையையும் வீச ஆரம்பித்தார். காமிராக்காரர் என்னிடம், "உங்க வீட்டுக்காரர் கூப்பிடுறாரா? ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். "குட்டி பக்கத்தில் வந்துவிட்டதாம், போட்டோ எடுக்கச் சொல்கிறார்" என்றேன். சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார். உங்கள் மேஜையில் இருப்பவை அந்தப் படங்கள்தான். நன்றாகவே வந்திருக்கின்றன. பிறகு மேகம் மூடியது, வெளிச்சம் போதவில்லை என்று காமிராவை மடித்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

காற்றில் வார்த்தை சரியாகக் கேட்கவில்லைதான். ஆனால் கேட்பது என் தொழில். இவர் "காப்பாற்றுங்கள்" என்று கத்திக்கொண்டிருந்தார், இந்த ஊர் மொழியில். அந்த டிரைவர் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். உச்சரிப்பில் ஒரு பிசகு இல்லை. குடிலைப் பார்த்துக் கத்தினார், சாலையைப் பார்த்துக் கத்தினார். வனத்துறைப் பெண் சொன்னபடியே தண்ணீர் பின்பக்கமாக வந்தது, சத்தமே இல்லாமல், தரையில் துணி விரிக்கிற மாதிரி. கடல்நாய்கள் ஒவ்வொன்றாக நழுவிப் போய்விட்டன. குடில் எனக்கு எட்டும் தூரம்தான். நான் எழுந்துகூட நின்றேன். தமிழில் ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன்.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோதுதான் அவர் தமிழுக்கு வந்தார். "அம்மா" என்றார். இரண்டு மூன்று முறை, தெளிவாக. அவருடைய அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது. நான் மறுபடி உட்கார்ந்து, வேறு ஏதாவது சொல்வாரா என்று காத்திருந்தேன். அது என்னைக் கூப்பிட்டதாக ஆகாது, இல்லையா?