மரம் நட்டாச்சு

எங்கள் ஊரில் ஜன்னல் கதவுகளுக்கு நினைத்த நிறத்தைப் பூச முடியாது. பழைய கல்வீடுகள் என்பதால் நகரசபை ஐந்தாறு நிறங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது, அதற்குள்தான் தெரிவு. சிலருக்கு இது எரிச்சல். எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன் மொன்றியல் நகரில், செயின்ட்-லோரன்டில் வாடகை அடுக்குமாடியில் இருந்தவன் நான். அங்கே என் ஜன்னலை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

நீங்கள் இந்தப் பக்கத்துப் பொலிஸ்காரர், ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நடந்ததெல்லாம் ஊரால்தான். ஏரிக்கரை, ஆங்கிலேயர் குடியேறிய பழைய ஊர். மொன்றியலுக்குக் காலையில் ஒரேயொரு ரயில், மாலையில் அதுவே திரும்பி வரும். நான் 2001இல் இங்கே வீடு வாங்கினேன். ஊருக்கு முதல் தமிழன் நான்தான். முதல் வருடம் ரயிலில் தலையசைத்தார்கள். அடுத்த வருடம் குளிரைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு ஆலயப் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அது ஆங்கிலேயத் திருச்சபையின் அங்கிலிக்கன் ஆலயம், நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன். அம்மா உயிரோடு இருந்திருந்தால் என்னை வீட்டுப் படி ஏற்றியிருக்கமாட்டா. நான் போனேன்.

எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுவல்ல. குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அக்கரைக் கிராமங்களுக்குப் பனிக்கட்டி மேலேயே காரில் போவார்கள். பாதையைக் குறிப்பவர் ஹாலம். அவருடைய தகப்பனும் பாட்டனும் செய்த வேலை. கிறிஸ்மஸ் முடிந்து வீதியோரம் எறிந்துகிடக்கும் மரங்களைச் சேர்த்து, பனிக்கட்டியில் துளை போட்டு, இரண்டு வரிசையாக நடுவார். நட்டுவிட்டு, துளைகள் இறுக ஓரிரு நாள் விட்டு, அவர் முதலில் தன் டிரக்கை ஓட்டிப் போவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். இது எங்கும் எழுதியிருப்பதில்லை, ஊரவர்களுக்குத் தெரியும். மரம் நட உதவிக்கு அவர் என்னைத்தான் கூப்பிட்டார். கை விறைக்க விறைக்க நின்றேன். அவ்வளவு சந்தோசமாக நான் வாழ்க்கையில் இருந்ததில்லை.

அருமைராசா 2005இல் வந்தார். மன்னார்க்காரர். மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் இருந்தவர், என்னை ஒரு கலியாணவீட்டில் சந்தித்துவிட்டு, என் தெருக்கோடியிலேயே சின்ன வீடொன்றை வாங்கிவிட்டார். வீடு பார்த்துக் கொடுத்ததே நான்தான் என்று எல்லோரிடமும் சொல்வார். உண்மையில், அங்கே குளிர் அதிகம், சாமான் வாங்கக் கடை இல்லை என்று என்னால் முடிந்தவரை தடுத்தேன். கேட்கிற ஆள் இல்லை.

முற்றத்தில் மாதா சொரூபம் வைத்து நீல பல்பு போட்டார். அயலவர்கள் நகரசபைக்கு முறைப்பாடு செய்வார்கள் என்று காத்திருந்தேன். பல்பு எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். மீன் பொரித்தால் தெருவெல்லாம் மணக்கும். கூச்சத்தில் நான் ஜன்னலைச் சாத்துவேன், அவர்கள் கோப்பையோடு அவர் வாசலில் நிற்பார்கள். நாலு வருடம் நாவை அடக்கி, நடையை அடக்கி நான் சேர்த்ததை, அந்த மனிதர் ஒரு கோடைகாலத்தில் சிரித்துச் சிரித்தே வாங்கிவிட்டார். ரயிலில் என்னையும் ‘ராஜா’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நாங்கள் அண்ணன் தம்பி என்று யாரோ சொல்ல, அதுவே நிலைத்தது. எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைக்க என்ன இருக்கிறது?

2007இல் ஏரி பிந்தித்தான் உறைந்தது. ஜனவரி முடிகிற ஒரு சனிக்கிழமை காலை நானும் ஹாலமும் மரம் நட்டோம். வேலை முடிய அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, “எனக்கு வயதாகிவிட்டது யோசெப். அடுத்த வருடம் இதை உன் தம்பியிடம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் அவனைப் பிடித்திருக்கிறது” என்றார். நல்ல யோசனை என்றேன். அவர் சாப்பிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

பின்னேரம் அருமைராசா காரோடு வந்து என் வாசலில் நிறுத்தினார். அவருடைய மனைவி றோஸ்மேரிக்கு அக்கரையில் முதியோர் இல்லமொன்றில் வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில் பாலத்தால் சுற்றிப்போய்த்தான் கூட்டி வருவார், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். ஏரிப்பாதை எப்போது திறக்கும் என்று ஒரு வாரமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணை, ஏரிப்பாதை திறந்தாச்சோ? மனுசி குளிருக்க வெளியில நிக்குது, கெதியாப் போகோணும்” என்றார்.

“மரம் நட்டாச்சு” என்றேன்.

நான் சொன்னது உண்மை. அவர் வேறு விதமாக விளங்கிக்கொண்டார். மன்னார்க் கடலில் ஆழம் குறைந்த இடங்களில் வள்ளம் போக வழி காட்டிக் கம்பு நடுவார்களாம், கம்பு நட்டால் வழி திறந்தாச்சு என்று அர்த்தமாம். “எங்கட பக்கம் அந்தக் கம்பில ஒருத்தரும் கை வைக்கமாட்டினம் அண்ணை. பகையாளியும் தொடான்” என்று முன்பு ஒருநாள் எனக்குச் சொல்லியிருந்தார். அவருடைய மனதில் அப்படி ஒன்று இருப்பதற்கு நான் பொறுப்பாக முடியாது.

மரங்களைப் பற்றியும் கேட்டீர்கள். ஹாலம் படுக்கப் போன பிறகு நான் திரும்பிப் போனேன். துளைகளில் தண்ணீர் இன்னும் இறுகவில்லை, மரங்கள் சுலபமாக வந்தன. நடுவில் சில மரங்களை மட்டும், ஓடை வந்து விழும் பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து நட்டேன். நீரோட்டம் இருப்பதால் அங்கே பனிக்கட்டி தடிப்பாவதில்லை. அதை எனக்குக் காட்டித் தந்தவரே ஹாலம்தான். சுத்தமான வேலை. காலையில் அவரோடு நின்று நட்ட வரிசையைவிட ஒழுங்காக இருந்தது.

அருமைராசா கையைக் காட்டிவிட்டுக் காரை ஏரிமேல் இறக்கினார். இருட்டுகிற நேரம். காரின் விளக்குகள் மரங்களுக்கு நடுவே போய், ஓடைப்பக்கம் திரும்பி, பிறகு கீழே போயின. ஆனால் அணையவில்லை. பனிக்கட்டிக்குக் கீழே வெளிச்சம் பச்சையாகப் பரவி நின்றது. அதுவரை நான் அப்படியொன்றைப் பார்த்ததில்லை. என் சட்டைப்பையில் தொலைபேசி இருந்தது. வெளிச்சம் அணையட்டும், பிறகு உதவிக்குக் கூப்பிடலாம் என்று நின்றேன். அணைய நேரமெடுத்தது. அக்கரையில் ஒரு பெண் கத்துவது கேட்டது. றோஸ்மேரி குளிர் தாங்காமல் பஸ்ஸில் ஏறியிருப்பா என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஊர் முழுவதும் என் வீட்டுக்கு வந்தது. தம்பியை இழந்தவன் என்று கட்டிப்பிடித்தார்கள். சாப்பாட்டுப் பாத்திரங்கள் வைக்க மேசையில் இடமில்லை. ரயிலில் என் பக்கத்து இருக்கையை இன்றுவரை ஒருவரும் எடுப்பதில்லை, மரியாதைக்காக. நின்றுகொண்டு வருகிறவர்கள்கூட அதில் உட்காருவதில்லை. அந்த இருக்கை ஈரமாக இருக்கிறது. கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன், உலர்ந்துதான் இருக்கிறது. கையை எடுத்தால் மறுபடி ஈரம். வீட்டிலும் ஏரிப்பக்க ஜன்னலைத் திறப்பதில்லை. கோடையிலும் தண்ணீருக்குக் கீழே அந்தப் பச்சை தெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலாம் ஆண்டு நினைவுநாளுக்கு றோஸ்மேரி சோறு கொண்டுவந்தா.

“அண்ணை, அவர் கடைசியாக் கதைச்சது உங்களோடதானே. என்ன சொன்னவர்?”

“நீர் குளிருக்க நிக்கிறீர், கெதியாப் போகோணும் எண்டவர்.”

அழுதுகொண்டே எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனா.

நீங்கள் ஹாலத்தின் வாக்குமூலத்தை உறுதிப்படுத்த மட்டும்தான் வந்தீர்கள் என்று தெரியும். மரங்களைத் தானே பிழையாக நட்டதாக, கண் மங்கிவிட்டதாக, தன்மேல் வழக்குப் போடச் சொல்லி அந்தக் கிழவர் உங்களிடம் வந்தாராம். அருமைராசா மூழ்கிய அன்றே என்னிடம் கேட்டார், “நாம் அங்கேயா நட்டோம், யோசெப்?” ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் அதை இவ்வளவு தூரம் கொண்டுபோவார் என்று நினைக்கவில்லை. மூன்று தலைமுறையாக இந்த ஊருக்குப் பாதை போட்ட குடும்பம். அந்தப் பெயருக்கு ஒரு களங்கம் வர நான் விடமாட்டேன். அவர் பிழையாக நடவில்லை. அருமைராசாவைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். பத்திரிகைக்காரர் கேட்டால், தமிழர் ஒருவர் என்று சொல்லிவிடாதீர்கள். இந்த ஊரவர் என்று சொல்லுங்கள்.