இங்கிலீஷ்ல சொன்னா ஒட்டாது

— தப்பு. கேளு இங்க. இந்தக் கப்பு யாரோடது?

— மை கப், அண்ணி.

— யாரோடது?

— நான்தானே தினம் இதுல டீ குடிக்கறேன்.

— நீ எதுல குடிக்கறேன்னா கேட்டேன்? வேலைக்காரிக்கு இந்த வீட்ல தனியா கப்பு ஏது? ஹர் கப். அவளோட கப்பு. அதாவது என்னோடது. நான் சொன்னா மை, நீ சொன்னா ஹர். மண்டையில ஏறுதா இல்லையா?

— ஏறுதுங்க அண்ணி. ஹர் கப்.

— பெரியவளே, அந்த வார்த்தையத் தமிழ்ல சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது?

— எந்த வார்த்தைப்பா?

— வேலைக்காரி. அவ நம்ம வீட்டு மருமக. நம்ம பையன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தவ. அவன் போயிட்டான்கறதுக்காக அவ வேற ஆளாயிட மாட்டா. தமிழ்ல அந்தப் பேச்சு இந்த நாலு சுவத்துக்குள்ள கேக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

— அப்போ சாயங்காலம் குட்டிக்கு விசா குடுக்கறதுக்காக நாங்க இருக்கற நாட்டு ஆபீஸர் அம்மா வந்து, நீ யாரும்மான்னு இவளைக் கேட்டா?

— இங்கிலீஷ்ல சொல்லட்டும். இங்கிலீஷ்ல சொன்னா ஒட்டாது. அது ஆபீஸ் பாஷை. வேலை முடிஞ்சதும் அந்தம்மாவோடவே வண்டி ஏறிப் போயிடும். தமிழ்ல சொன்னா வீட்லயே தங்கிடும். கோர்ட்ல நின்னு சாட்சிக்காரனுக்குச் சத்தியம் பண்ணி வெச்சவன் நான். எந்தப் பேச்சு ஒட்டும், எது உதிரும்னு எனக்குத் தெரியும்.

— சரி. ஒட்டாத பாஷையிலயே சொல்லு. நீ யாரு?

— ஐ யம்... மெய்ட்.

— யாரோட மெய்ட்? என்னைக் கையக் காட்டிச் சொல்லு.

— ஹர் மெய்ட்.

— கட்டில்?

— ஹர் பெட்.

— வாசல்ல கிடக்கே, குட்டியோட ஷூ?

— ஹர் ஷூ. ஒண்ணு கேக்கவா அண்ணி? உங்களுக்கும் ஹர், குட்டிக்கும் ஹர். எதைக் காட்டினாலும் அதேதானா?

— உனக்கு அதேதான். எதைக் காட்டினாலும் ஹர்னு சொல்லிடு, தப்பே ஆகாது. இதைவிடச் சுலபமா யாரும் சொல்லித் தர முடியாது. வீடு?

— ஒண்ணு கேக்கவா? நம்ம வீடுன்னு சொல்ல இங்கிலீஷ்ல வார்த்தை இல்லையா?

— இருக்கு. அது உனக்கு வேண்டாம். அப்பாவைக் காட்டி, ஹிஸ் ஹவுஸ்னு சொல்லு. அவரோட வீடு.

— ஹிஸ் ஹவுஸ்.

— தமிழ்ல மட்டும் அது நம்ம வீடுதாம்மா. இந்த வீட்ல எனக்கு உனக்குன்னு யாரும் பிரிச்சுப் பேசினதில்ல. நீ வந்த புதுசுல என்ன கேட்ட, ஞாபகம் இருக்கா?

— என் பீரோவ எங்க வைக்கறதுன்னு கேட்டேன் மாமா.

— நான் என்ன சொன்னேன்?

— நம்ம பீரோன்னு சொல்லுன்னீங்க. அன்னிலேருந்து ‘என்’ங்கற வார்த்தை இந்த வாயில வந்ததில்ல.

— பாத்தியா பெரியவளே. அப்படிப் பழகின நாக்கு.

— அதனாலதான் கப்பப் பாத்தாக்கூட மை மைன்னு வருது. இத்தனை வருஷம் பட்டினி கிடந்த வாயாச்சே. இங்க பாரு, அந்தத் தையல் மெஷின்?

— அது வேண்டாமே அண்ணி. அது அவர் வாங்கித் தந்தது. குட்டி வயித்துல இருக்கும்போது.

— மெய்ட் வீட்டுக்குள்ள மெஷினப் போட்டு ஊராருக்கு ஜாக்கெட் தெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாளா? போர்வையப் போட்டு மூடு. கேட்டா?

— ஹர் மெஷின்.

— எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது. பரவாயில்ல, அந்தம்மாவுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது. அப்பா, தம்பி போட்டோவையும் கழட்டி வெச்சிடலாமா?

— தொடாதே.

— அது யாருன்னு கேப்பாங்கப்பா.

— உன் தம்பின்னு சொல்லு. பொய்யில்லையே. நம்ம பையன் நம்ம சுவத்துல இருந்தே ஆகணும். ஒரு அன்னியப் பொம்பளைக்குப் பயந்து செத்தவனை அலமாரில ஒளிச்சு வைக்கற குடும்பம் இல்ல இது.

— சரி, இருந்துட்டுப் போகட்டும். இப்ப முக்கியமான கேள்வி. நிமிந்து உக்காரு. குட்டி யாரு? வாயத் திற.

— ஹர்... டாட்டர்.

— முணுமுணுக்காதே. என்னைப் பாத்துச் சொல்லு.

— ஹர் டாட்டர்.

— கண்ணத் தொடச்சுக்கிட்டு இன்னொரு தடவை. முதலாளியம்மா குழந்தையப் பத்திச் சொல்லும்போது எந்த மெய்ட் அழறா?

— ஹர் டாட்டர். ஒண்ணு கேக்கவா மாமா?

— கேளு.

— தத்து குடுத்துடறேனே. எங்க வேணா கையெழுத்துப் போடறேன். அப்பக் குட்டி அண்ணியோட ராஜாத்தியாப் போகட்டும். பெத்தவ இன்னாருன்னு ஒரு மூலையில ஒரு பேரு இருக்கும், அவ்வளவுதான். இப்படின்னா நான் அவளுக்கு ஒண்ணுமே இல்லாம போயிடறேனே.

— தத்துன்னு எழுதினா, நம்ம பெரியவளுக்குப் பிள்ளை இல்லங்கறதையும் சேத்து எழுதின மாதிரிதாம்மா. அவ புகுந்த வீட்ல ஏற்கெனவே குத்திக் காட்டறாங்க. மாப்பிள்ளை நல்லவரா இருக்கப்போய் பேப்பர் வேலை எல்லாம் அவரே பாத்துக்கிட்டார், அவங்க ஆளுங்க யாருக்கும் தெரியாம. நம்ம வீட்டுப் பொண்ணு மலடின்னு நாலு பேர் நாக்குல புரள நான் விடமாட்டேன். மானம்னு ஒண்ணு இருக்கு.

— குட்டி அங்க போனா ரெண்டு வருஷத்துல என்னையும் கூப்பிட்டுக்கறேன்னீங்களே அண்ணி. அது உண்மைதானே?

— கூப்பிடறேன்னு சொன்னா கூப்பிடறேன்.

— என்னன்னு சொல்லிக் கூப்பிடுவீங்க?

— இதென்ன கேள்வி? இன்னிக்கு நீ யாருன்னு அந்தம்மாகிட்ட சொல்லப் போறியோ, அதுவாத்தான். நாளைக்கு வந்து மாத்திச் சொன்னா நாங்க எல்லாரும் உள்ள போக வேண்டியதுதான். அங்க எனக்கும் கைக்கு ஆள் வேணும்.

— அப்ப குட்டி என்னை என்னன்னு கூப்பிடுவா?

— பேர் சொல்லிக் கூப்பிடுவா. அங்க எல்லாரும் அப்படித்தான்.

— எனக்கு இது வேண்டாம் மாமா.

— வேண்டாமா? சரி. பீரோவ எடுத்துக்கிட்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போ. நம்ம பையன் காரியத்துக்கு வந்து வாசல்லயே நின்னு பேசிட்டுப் போனானே, அவன் உள்ள கூப்பிடுவானான்னு பாரு. குட்டி இங்கதான் இருப்பா. அவ நம்ம ரத்தம். நீ இருந்தாலும் போனாலும் இது நடக்கும், சொல்லிட்டேன். என்ன சொல்ற?

— ஒண்ணே ஒண்ணு மாமா. நீங்க தமிழ்ல பொய் சொன்னதில்லன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அவரும் சொல்லுவார். ஒரு தடவை தமிழ்ல சொல்லுங்க. குட்டி யாரு பொண்ணு?

— உன் பொண்ணும்மா. நம்ம பையனுக்கும் உனக்கும் பிறந்தவ. இதுல என்ன சந்தேகம்? யாரு வந்து தமிழ்ல கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்.

— அது போதும் மாமா. இங்கிலீஷ்ல என்னவோ போகட்டும்.

— அம்மா.

— இதோ, எழுந்துட்டா. குட்டி, யாரைக் கூப்பிட்ட?

— அம்மாவ. தண்ணி வேணும்.

— மம்மி இங்க இருக்கேன் பாரு. நேத்து எல்லாம் சொல்லித் தந்தேனே. யாருகிட்ட கேக்கணும்?

— அம்மா, தண்ணி.

— அவ குடுக்க மாட்டா. நீ அந்தச் சொம்பக் கீழ வை. வைன்னா வை.

— தூங்கி எழுந்திருக்கா அண்ணி. தொண்டை காஞ்சிருக்கும்.

— காயட்டும். கேட்டுட்டுக் குடிக்கட்டும். இன்னிக்கு விட்டா சாயங்காலம் மானம் போகும். யாருகிட்ட கேக்கணும் குட்டி? அழுதா தண்ணி கிடையாது.

— தாத்தா.

— தாத்தாவப் பாக்காதே. அத்தை சொல்றத... மம்மி சொல்றதக் கேளு.

— மம்மி, தண்ணி.

— என் தங்கம். இந்தா.

— அம்மா, சொல்லிட்டேன். குடிக்கட்டுமா?

— மம்மியக் கேளு கண்ணு.

— அப்படித்தான். பாத்தியா, உனக்கே வந்துடுச்சு. இப்ப எல்லாத்தையும் முதல்லேருந்து... யாரு மணி அடிக்கறது?

— சாயங்காலம்னுதானே சொன்னாங்க?

— கார் நிக்குதுப்பா. அவங்கதான். ஏய், முந்தானைய இழுத்துச் சொருகு. அந்தக் கப்ப எடு. குட்டிய என்கிட்ட குடு. குட் ஆஃப்டர்நூன் மேடம். ப்ளீஸ் கம், ப்ளீஸ் சிட்.

— வணக்கம். சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டேன், மன்னிக்கணும். இங்கிலீஷ்ல கஷ்டப்பட வேண்டாம். எனக்குத் தமிழ் வரும்.

— தமிழா?

— சின்ன வயசுல என்னை வளர்த்தவங்க தமிழ்க்காரங்க. எங்க வீட்டு ஆயா. அவங்க பேசிப் பேசி எனக்கும் வந்துடுச்சு. இந்த மாதிரி விசாரணைக்கு என்னை அனுப்பறதே அதுக்காகத்தான். தப்பா பேசினா சிரிக்கக் கூடாது.

— இல்ல மேடம், ரொம்ப நல்லாப் பேசறீங்க. அப்பா, பாருங்களேன், எவ்வளவு நல்லாப் பேசறாங்க.

— ஆமாமா. கேட்டேன்.

— இதுதான் குழந்தையா? உன் பேரு என்ன? உங்க அம்மா எங்க?

— அம்மா, இவங்களுக்குத் தமிழ் தெரியுமாம். இங்கிலீஷ் சொல்ல வேண்டாமா?

— இங்க வா செல்லம், மம்மிகிட்ட வா. தப்பா நினைக்காதீங்க மேடம். நான் அங்கயும் இங்கயுமா இருக்கேன். இவ கையிலயே வளந்ததால எங்க போனாலும் இவ முந்தானையத்தான் பிடிச்சுக்குவா. அம்மா அம்மான்னு வாயிலயும் அதே வந்துடும்.

— இதுல தப்பா நினைக்க என்ன இருக்கு? நானும் எங்க ஆயாவை அம்மான்னுதான் கூப்பிட்டேன். எங்க அம்மாவுக்கு அவ்வளவு கோபம் வரும். நீங்க பரவாயில்ல, சிரிக்கறீங்க.

— என்ன பண்றது மேடம், குழந்தைதானே.

— நீங்க சொல்லும்மா. பயப்படாம சொல்லுங்க. இந்த வீட்ல நீங்க யாரு?

— தமிழ்லயா கேக்கறீங்க?

— தமிழ்லதான் கேக்கறேன்.

— அப்ப மாமாவக் கேளுங்கம்மா.

— மாமாவா?

— வயசானவங்க எல்லாரும் இவளுக்கு மாமாதான் மேடம். பால்காரர்கூட மாமா.

— நீங்க இருங்க, அவங்க பேசட்டும். ஏம்மா அவரைக் கேக்கச் சொல்றீங்க?

— அவர் கோர்ட்ல இருந்தவர். எத்தனையோ பேருக்குச் சத்தியம் பண்ணி வெச்சவர். தமிழ்ல பொய் சொல்ல மாட்டார். இப்பத்தான், கொஞ்ச நேரம் முன்னாடிதான் எனக்குச் சொன்னார். அதையே உங்ககிட்டயும் சொல்லுவார். கேளுங்கம்மா. நான் ஒண்ணும் சொல்லல.

— கொஞ்சம் மந்தம் மேடம். புத்தி அங்கங்க நின்னு நின்னு ஓடும்.

— அப்படித் தெரியலையே. ஐயா, நீங்க சொல்லுங்க. இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?

— டீ ஏதாவது சாப்பிடறீங்களா?

— வேண்டாங்க ஐயா. நான் கேட்டது...

— கேட்டது காதுல விழுந்துதும்மா.

— அப்பா.

— நீ பேசாம இரு பெரியவளே.

— அந்தச் சுவத்துல இருக்கற போட்டோ யாரு ஐயா? குழந்தைக்கு அப்படியே அந்தக் கண்ணு. புருவம்கூட அதேதான்.

— தம்பி மேடம். என் தம்பி. இறந்துட்டான். தாய்மாமன் ஜாடை இருக்கத்தானே செய்யும்.

— ஓ. அவருக்குக் குடும்பம்?

— மாமா. சொல்லுங்க மாமா. தமிழ்லதான் கேக்கறாங்க.

— சொல்லுங்க ஐயா. அவசரமில்ல.

— மாமா.

— இவ வீட்டு வேலைக்கு இருக்கறவம்மா, வேற ஒண்ணுமில்ல. அது என் பையன். கல்யாணம் ஆகாமலே போயிட்டான்.