ஜீப்புக்குப் போட்ட காவல்

எண்ணூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு நண்பர்கள். ஒருவர் சடையங்குப்பத்துக்காரர், ஜீப் வைத்திருப்பவர்.

“மாமு, இனிமே எந்தக் கல்லு இடிச்சாலும் என் ஜீப்புக்கு ஒண்ணும் ஆவாது. ஏறத்தான் முடியல,” என்றார். காதைத் தீட்டிக்கொண்டேன்.

“இன்னாடா சொல்ற?” என்றார் நண்பர்.

“எங்க ஊர்ல தேங்குற மழைத்தண்ணில கல்லு, பள்ளம் எதுவும் தெரியாதுல்ல? அடில இடிக்கக் கூடாதுன்னு கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் இரும்பு பைப்பு போடச் சொன்னேன். ராக் ஸ்லைடராம்.”

“நல்லதுதான?”

“மீன்புடி போட்டுக்கு வெல்டிங் பண்றவராண்ட குடுத்தேன். பைப்போட கதவையும் சேத்துப் பத்த வெச்சு மூடிட்டாரு. கேட்டா, ‘போட்டுக்கு ஏது நைனா கதவு? இடுக்கு தெரிஞ்சா அடைக்கறதுதான் என் வேல’ன்றாரு.”

நண்பர் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார்.

“டேய், உன் வூட்டுக்காரிக்கு இது ஒம்பதாவது மாசமாச்சே! மழையில வலி வந்தா?”

“அதான் பேஜாரு. நான் பின்பக்கமா எகிறி ஏறிப்பேன். அவளால முடியுமா? அறுத்துத் தர ஒரு வாரம் ஆவும்ன்றாரு.”

“இன்னா பண்ணப் போற?”

“அவளே முடிவு பண்ணிட்டா. அவ ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல போவாளாம். தண்ணில ஆட்டோ நின்னுபோனா கயிறு கட்டி இழுக்க, நான் ஜீப்ப எடுத்துகினு பின்னாலயே வரணுமாம்.”